மூன்றாம் தண்ணீர்

செங்குளத்துத் தண்ணீர் மிக்கேலம்மாளைத் தொட மறுத்தது சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. நேரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாலேம்புரத்தில் ஞாயிறு ஒன்பதரைக்கு மூன்று கோவில்களின் ஒலிபெருக்கிகளும் ஒன்றன் குரல்வளையை ஒன்று நெரிப்பதற்காகச் சேர்ந்து அலறத் தொடங்கும்; அன்றைக்கு மூன்றும் பாதிப் பாட்டில் நின்றுபோயின, பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் குளத்தங்கரைக்கு ஓடிவிட்டதால்.

சாலேம் என்றால் சமாதானம். செம்மணல் தேரிக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே, பனங்காட்டின் ஓரத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்துவிட்டுப் போன பெயர் அது. அந்தப் பொருளைக் கொட்டை எழுத்தில் சொல்லும் பலகை ஒன்று ஊர் எல்லையில் நிற்கிறது, அந்தப் பலகை எந்தச் சபைக்குச் சொந்தம் என்ற வழக்கு பதினோராவது ஆண்டாக நடக்கிறது. மேலத்தெருவில் மாதா கோவில். நடுத்தெருவில், மாதாவைக் கும்பிடுவது பாவம் என்று பிரிந்தவர்களின் வேதக்கோவில். தெற்கே தகரக் கூரையின் கீழ், அந்த இரு கூட்டமும் நேராக நரகத்துக்குப் போகிறது என்று நம்புகிறவர்களின் கூடாரச் சபை. முதலாவதில் பெண்கள் பூவும் நகையும் அணிந்து முழந்தாளிடுவார்கள். இரண்டாவதில் பூவை எடுத்துவிட்டு நகையோடு உட்காருவார்கள். மூன்றாவதில் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சேலையில் நின்று கைதட்டுவார்கள். ஒருவர் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றுவார், ஒருவர் நெற்றியில் தெளிப்பார், ஒருவர் வளர்ந்தவர்களை மட்டும் குளத்தில் முக்கி எடுப்பார். ஞானஸ்நானம் ஒன்றே என்று மூன்று இடத்திலும் வாசிப்பார்கள். வாசித்த வாய் உலர்வதற்குள் மற்ற இரண்டு இடத்து ஞானஸ்நானமும் செல்லாது என்று பிரசங்கம் பண்ணுவார்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் மூன்றுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மூன்று கோவில்களிலும் கடைசி வரிசைக்குப் பின்னால், வாசல் ஓரமாக, ஓரங்கிழிந்த ஒரு பாய் கிடக்கும். அது கீழத்தெருக்காரர்களுக்கு.

மிக்கேலம்மாள் ஐம்பத்திரண்டு வயது விதவை, பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரி, கரண்டியைவிட நாக்கு நீளமானவள். பிறந்த எட்டாம் நாள் மாதா கோவிலில் முதல் தண்ணீரை வாங்கி, மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் பெயரையும் வாங்கிக்கொண்டாள். இருபத்து மூன்றாம் வயதில் வேதக்கோவில்காரனுக்கு வாழ்க்கைப்பட்டபோது, அந்தக் கோவில் குருவானவர் (அங்கே அவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள்) ‘ரோமைத் தண்ணீர் ஒட்டியிருக்காது’ என்று சொல்லி மறுபடியும் தெளித்து, லோவிசாள் என்று பெயரை மாற்றினார். அது சித்திரை மாதம், நல்ல வெயில், தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. அவள் எதிர்ப்புச் சொல்லவில்லை. பூவை விட்டாள், செபமாலையை விட்டாள், மாதாவிடம் வாய்விட்டுப் பேசுவதை விட்டாள். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. மகள் பெர்சியாள் வெளியே கிளம்பும்போதெல்லாம் அவளுடைய நெற்றியில் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டு அனுப்புவாள். பார்த்தும் பாராததுபோல் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்ட ஒரு நல்ல காரியத்துக்காகவே, செத்துப்போன கணவனை அவள் கடைசிவரை மன்னித்து வைத்திருந்தாள்.

பெர்சியாள் கூடாரச் சபைப் பையன் யாபேசை விரும்பினாள். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். பெண் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்றார்கள், எடுத்தாள். அதன் பிறகு யாபேசின் தாய் தொர்க்காள் வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக வந்து சத்துணவுக்கூட வாசலில் நின்றாள்.

“சம்பந்தி, பொண்ணு முழுகிட்டா, ஸ்தோத்திரம். நீங்களும் ஒரு முழுக்கு முழுகிட்டா குடும்பமே ரட்சிக்கப்பட்டுரும்லா?”

“நான் ஏற்கெனவே ரெண்டு தடவை நனைஞ்சவ, மதினி. இன்னும் எத்தனை தடவைதான் ஊறப் போடுவிய? நான் என்ன புளியா?”

“அதெல்லாம் கணக்குல வராது. சின்னப்பிள்ளையில ஊத்துனதும் பெறவு தெளிச்சதும் மழையில நனைஞ்சதுக்குச் சமம். பெத்தவ ரட்சிக்கப்படாத பொண்ணைக் கட்டிவைக்கதுக்கு பாஸ்டர் யோசிக்காரு. நான் சொல்லல, அவரு சொல்லுதாரு.”

பெர்சியாள் கதவுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு மிக்கேலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி. எங்க முழுகணும், எப்ப முழுகணும்னு சொல்லுங்க. மூக்கை நானே பிடிச்சிக்கிடுதேன்.”

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் செங்குளத்தில் இறக்கினார்கள். பாஸ்டர் எலிசா மார்பளவு தண்ணீரில் நின்றார். அவள் முதல் படியில் கால் வைத்தாள், தண்ணீர் ஒரு படி பின்வாங்கியது; இரண்டாம் படியில் வைத்தாள், இரண்டு படி பின்வாங்கியது; அவள் நடக்க நடக்க அது விரிப்பைச் சுருட்டுவதுபோல் சுருண்டு விலகி, அவளைச் சுற்றி ஆளுயரச் சுவராக எழும்பி நின்றது. அவள் நின்ற இடத்தில் குளத்தின் தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது, இரண்டு கெண்டை மீன்கள் அவள் காலடியில் துள்ளின, ஒரு பழைய செருப்பும் தென்பட்டது. பாஸ்டர் அவளுடைய பிடரியைப் பிடித்து, ஹெப்சிபா என்ற புதுப்பெயரை உரக்கச் சொல்லி, தண்ணீர்ச் சுவருக்குள் தலையை அழுத்தினார். சுவர் குழிந்து இடம் விட்டது. மறுபடி அழுத்தினார், மறுபடி விட்டது. மூன்றாம் முறை அவர் தலைமுதல் கால்வரை நனைந்து இருமிக்கொண்டிருந்தார். அவள் மேல் ஒரு துளி இல்லை.

“பாஸ்டர், கழுத்து வலிக்கி,” என்றாள் மிக்கேலம்மாள். “விடுங்க. அதுக்கு இஷ்டமில்லன்னா நாம என்ன செய்ய?”

தண்ணீர் ஏன் அவளை மட்டும் மறுத்தது, அதே குளத்தில் முழுகிய மகளை ஏன் விட்டது என்று ஊரில் யாரும் அதிகம் ஆராயவில்லை. இரண்டு முறை பொறுத்த தண்ணீருக்கு மூன்றாம் முறை சலித்துப்போயிருக்கலாம். அதிசயத்தை ஒரு பகலில் ஏற்றுக்கொண்டார்கள். அதை யார் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் நாற்பது நாட்கள் போயின. முதல் தண்ணீர் அவ்வளவு உறுதியாகப் பிடித்திருப்பதால்தான் வேறு தண்ணீர் ஒட்டவில்லை என்று மாதா கோவிலில் மணி அடித்தார்கள். அவளுடைய ரோமை மூடப்பழக்கம் உள்ளே தங்கியிருப்பதுதான் காரணம் என்றது வேதக்கோவில். அவளுக்குள் ஒரு பிசாசு இருக்கிறது, அதன் பெயர் இன்னும் தெரியவில்லை என்றது கூடாரம்.

இந்த நாற்பது நாளும் அவள் எப்படி இருந்தாள் என்பதை அந்த மூன்று கூட்டமும் கேட்கவில்லை. குளத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை; அன்றுமுதல் எந்தத் தண்ணீரும் அவளைத் தொடவில்லை. தலையில் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு அவளைச் சுற்றி இறங்கித் தரையில் விழுந்தது. தம்ளரை வாயருகே கொண்டுபோனால் அது பின்பக்க விளிம்பேறி வெளியே குதித்தது. அரிசி களைய முடியவில்லை, ஆகவே பள்ளிக்கூடத்தில் விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். பதநீரும் இளநீரும் மோரும் மட்டும் அவளுக்குள் இறங்கின. எவரும் எவருக்கும் இதுவரை ஞானஸ்நானம் கொடுக்கப் பயன்படுத்தாத திரவங்கள் அவை. தாகம் தீர்ந்தது, அழுக்கு தீரவில்லை. பங்குனி வெயிலில் வியர்வை ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, கழுத்து மடிப்பில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. தலைமயிர் புளித்த மாவுபோல் சேர்ந்து ஒட்டியது. சேலையை மாற்றினால் மாற்றிய சேலையும் ஒரு மணி நேரத்தில் பழைய சேலையாயிற்று. அவளுடைய நாற்றம் அவளுக்கு ஒரு நாள் முன்னதாகவே தெருவில் நடந்துபோனது. அவள் வருவது தெரிந்து கதவுகள் சாத்தப்பட்டன. சாத்திய கதவுகளின் மேல் ‘விருந்தினரே வருக’ என்றும் ‘இந்த வீட்டின் தலைவர் இயேசு’ என்றும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மூக்கைப் பொத்தாமல் அவளருகே வந்து உட்கார்ந்தவள் ஒருத்திதான். கீழத்தெருச் சூசையம்மாள் மூன்று கோவில் வளாகத்தையும் பெருக்குகிறவள். மூன்று சபைகளின் குப்பைக்கும் வித்தியாசம் தெரியும் என்று சொல்கிறவள். பதநீர்க் கலயத்தை வைத்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “மூக்கைப் பொத்தலன்னு என்னைப் புண்ணியவதின்னு நெனச்சிராத. எனக்கு ரெண்டு வருசமா மோப்பமே கெடையாது.”

மிக்கேலம்மாள் அந்த நாற்பது நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

“கையை நீட்டு, பாப்போம்,” என்று சூசையம்மாள் செம்பை எடுத்து, எழுந்து நின்று, நல்ல உயரத்திலிருந்து ஊற்றினாள். நீட்டிய கைகளை நெருங்கியதும் தண்ணீர் வளைந்து அப்பால் போயிற்று. சூசையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தரையில் உட்கார்ந்தாள்.

“எதுக்கு இம்புட்டு ஒசரத்துல இருந்து ஊத்துத?”

“நீ எனக்கு ஊத்துன ஒசரம்தாம்மா. சத்துணவுக்கூட வாசல்ல எத்தனை நாளு நான் கையைக் குழிச்சிக்கிட்டு நின்னேன்? ஒரு நாளாவது தம்ளரைத் தந்திருப்பியா? செம்பு என் கையில பட்டுரக் கூடாதுன்னு பனை ஒசரத்துக்குத் தூக்குவ. பாதி தண்ணி எம் மூஞ்சியிலதான் விழும்.”

மிக்கேலம்மாள் நீட்டிய கைகளை மடியில் இறக்கினாள். தான் எப்போதும் நல்லவிதமாகத்தான் தண்ணீர் கொடுத்ததாக அவள் நினைத்திருந்தாள். சிந்தாமல் ஊற்றுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தச் செம்பு தன் கண்ணுக்கு நேரே எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்தபோது, தன் உடம்பின் நாற்றத்தைவிட அந்த ஞாபகத்தின் நாற்றம் அவளுக்குக் குமட்டியது.

“தப்புதான்,” என்றாள் கடைசியில்.

“தெரிஞ்சா சரி. பதநி புளிச்சிரும், குடி,” என்றாள் சூசையம்மாள்.

நாற்றம் மூன்று கோவில்களுக்குள்ளும் புகுந்தபோதுதான் ‘சாலேம்புரம் திருச்சபைகளின் ஒன்றிப்புக் குழு’ பிறந்தது. ஒருவர் கோவிலுக்குள் மற்றவர் கால் வைக்கமாட்டார் என்பதால் பள்ளிக்கூட வராந்தாவில் கூடினார்கள். மாதா கோவில் பங்குச்சாமியார் இன்னாசி போன ஈஸ்டரில் மந்திரித்த தீர்த்தத்தைக் கொண்டுவந்திருந்தார். வேதக்கோவில் ஐயர் சத்தியநேசன், புனித நாட்டுச் சுற்றுலா போன ஒரு சபையார் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துவந்த யோர்தான் நதித் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார். அதில் பாசி பிடித்திருந்தது. பாஸ்டர் எலிசா இருபது லிட்டர் கேன் ஒன்றின் மேல் இரவெல்லாம் உபவாசித்து ஜெபித்திருந்தார். நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு மிக்கேலம்மாளை உட்காரவைத்தார்கள்.

தீர்த்தம் அவள் தலையை நெருங்கியதும் திரும்பிப் பாய்ந்து சாமியாரின் அங்கியில் கொட்டியது; மற்ற இருவரும் வாய்க்குள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். யோர்தான் ஐயரின் மூக்குக்கண்ணாடியில் பாசியோடு தெறித்தது. மற்ற இருவரும் மேலே பார்த்துப் புன்னகைத்தார்கள். கேன் தண்ணீர் முழுவதும் பாஸ்டரின் வெள்ளைச் சட்டையை உடம்போடு ஒட்டவைத்தது. மற்ற இருவரும் இருமினார்கள். அதன் பிறகு மூவரும் அவரவர் தண்ணீரில் நனைந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் சற்று நேரம் சொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டு வேதவிசாரணையால் உண்டாகாத ஒற்றுமை, அந்தச் சொட்டும் மௌனத்தில்தான் முளைவிட்டது.

“தண்ணீரில் குறையில்லை,” என்றார் ஐயர், கண்ணாடியைத் துடைத்தபடி.

“மூன்று தண்ணீரிலும் இல்லை,” என்றார் சாமியார், பெருந்தன்மையோடு.

“அப்ப கொறை இந்தச் சகோதரிகிட்டத்தான்,” என்றார் பாஸ்டர். “ஆமென்?”

“ஆமென்,” என்றார்கள் மற்ற இருவரும். வேறு எதற்கும் அவர்கள் சேர்ந்து ஆமென் சொல்லி ஊர் கேட்டதில்லை.

குருத்தோலை ஞாயிறன்று மிக்கேலம்மாள் தன் வீட்டுப் பின்வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு மூன்று ஒலிபெருக்கிகளும் கரகரத்தன. பிறகு மூன்றிலிருந்தும் ஒரே வாக்கியம், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரு மூச்சு இடைவெளியில், எதிரொலிபோல் வந்தது: ‘சாலேம்புரம் விசுவாசிகள் அனைவருக்கும் அன்போடு அறிவிப்பது. மிக்கேலம்மாள் என்கிற லோவிசாள் என்கிற ஹெப்சிபா, தண்ணீர் அவரை ஏற்றுக்கொள்ளும் காலம்வரை, பொதுச் சுகாதாரத்தையும் ஆராதனையின் ஒழுங்கையும் முன்னிட்டு, எந்த ஆலயத்தினுள்ளும் பிரவேசிக்க வேண்டாம் என்று கிறிஸ்துவின் ஒரே சரீரமாகிய நாம் கேட்டுக்கொள்கிறோம்.’

கிறிஸ்துவின் ஒரே சரீரம் என்ற சொல் மூன்று தடவை பனங்காட்டில் மோதித் திரும்பியது. தெருவில் கைதட்டல் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மூன்று குருக்களும் கைகோர்த்து எல்லைப் பலகையின் முன்னால் நிற்கிற படம் மறுநாள் வெளிவந்தது. பலகை வழக்கைக்கூட வாபஸ் வாங்கலாமா என்று பேச்சு அடிபட்டது. அந்த வாரம் ஊரில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தவர்கள், ஒருத்தியைச் சேர்ந்து வெளியே தள்ளுவதில் இவ்வளவு சகோதர அன்பு சுரக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே யாரையாவது தள்ளியிருக்கலாமே என்று ஏங்கினார்கள். கீழத்தெருவுக்கு அந்த ஏக்கம் புரியவில்லை. அவர்களை எப்போதோ தள்ளியாயிற்று.

ஒற்றுமையின் ருசி கண்ட குழு அடுத்து பெர்சியாளின் கல்யாணத்தைக் கையில் எடுத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பொதுப் பந்தல். மூவரும் சேர்ந்து ஆசீர்வதிப்பார்கள். பிறகு மூன்று சபைகளும் உட்கார்ந்து ஒரே அசன விருந்து, ஆட்டுக்கறிக் குழம்போடு. எல்லாம் முடிவானபின் பெர்சியாள் வீட்டுக்கு வந்தாள். நிலைப்படிக்கு உள்ளே வரவில்லை. துப்பட்டாவின் நுனி மூக்கருகே இருந்தது, வைத்ததைத் தானே கவனித்து எடுத்தாள், எடுத்ததும் கண்ணில் நீர் கட்டியது. துக்கத்தாலா, நாற்றத்தாலா என்று தாய்க்குத் தெரியவில்லை.

“அம்மா, நீ பந்தலுக்குள்ள வராம... பின்னாடி, சமையல் பக்கம் இருக்கியா? அத்தை ரொம்பச் சொல்லுதாவ. பாஸ்டரும்.”

“உனக்காகத்தான் அந்தக் குளத்துல எறங்குனேன், ஏட்டி.”

“தெரியும்மா.”

“ஆசீர்வாதம் பண்ணுத நேரம் நெத்தியில சிலுவை போடணும். பெறந்ததுலேந்து போட்ட கை. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

பெர்சியாள் குனிந்துகொண்டாள். “எங்க சபையில சிலுவை போடக் கூடாதும்மா.”

“எங்க சபையா?” என்றாள் மிக்கேலம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, போ. நான் பின்னாடியே இருக்கேன். எனக்கு எடம் பழகிப்போச்சு,” என்றாள்.

கல்யாணத்தன்று அவள் பந்தலின் கிழக்கே, திரைக்குப் பின்னால், கைகழுவும் இடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சூசையம்மாள் பக்கத்தில் எச்சில் இலைக் கூடையோடு இருந்தாள். பாட்டுக் கேட்டது. மூன்று குரல்கள் முறைவைத்து ஆசீர்வதிப்பது கேட்டது. யார் முதலில், யார் எவ்வளவு நேரம் என்று அதற்குமுன் ஒரு மணி நேரம் வாதாடியதும் கேட்டது. பிறகு சாப்பாடு. எண்ணூறு பேர் பந்திபந்தியாக உட்கார்ந்து, கறியை உறிஞ்சி, எலும்பைக் கடித்து, ஏப்பம் விட்டுக் கை கழுவ வந்தார்கள். மாதா கோவில் கைகளும் வேதக்கோவில் கைகளும் கூடாரத்துக் கைகளும் ஒரே குழாய் வரிசையில் கழுவப்பட்டன, வாய்களும் ஒரே வாய்போல் கொப்பளித்துத் துப்பின என்றே சொல்லலாம். கடைசிப் பந்தியில் திரைமறைவில் உட்கார்ந்து சாப்பிட்ட கீழத்தெருக் கைகளும் கழுவப்பட்டன. அந்தத் தண்ணீர் முழுவதும் சோற்றுப் பருக்கையும் மஞ்சள் கொழுப்பும் வெற்றிலைச் சாறும் எச்சிலும் சேர்ந்து, மண்ணில் வெட்டிய ஒரே கால்வாயில் கிழக்கு நோக்கி ஓடியது. எந்தக் கை எந்தச் சபை என்று அதில் பிரிக்க முடியாது. எவரும் அதன் மேல் எந்த மந்திரமும் சொல்லவில்லை.

“காலைத் தூக்கு, அழுக்குத் தண்ணி வருது,” என்றாள் சூசையம்மாள்.

மிக்கேலம்மாள் தூக்கவில்லை. அசதி. எப்படியும் அது விலகித்தான் போகும் என்ற நினைப்பு. கால்வாய் அவளுடைய பாதத்தை நெருங்கியது, ஒரு கணம் தயங்கியது, பிறகு கணுக்கால்வரை ஏறி நனைத்துக்கொண்டு போயிற்று.

அவள் பார்த்தாள். விரல்களுக்கிடையே பருக்கைகள் ஒட்டியிருந்தன. ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு அவளுடைய தோலில் ஈரம் இருந்தது.

“சூச...” என்றாள், பாதத்தைக் காட்டி.

“தொட்டுட்டே!” என்று சூசையம்மாள் வாயைப் பொத்தினாள். “மூணு கோவில் தீர்த்தமும் தொடாதவளை எச்சித்தண்ணி தொட்டுட்டே!”

அது கேவலமான தண்ணீர் என்பது மிக்கேலம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் குனிந்தாள், இரண்டு கைகளாலும் அள்ளினாள், முழங்கையில் ஊற்றினாள், கழுத்து மடிப்பில் தேய்த்தாள். உப்பு கரைந்து வழிந்தது. ஊர் முழுவதும் துப்பிய தண்ணீரில் அவள் ஒரு குழந்தையைப்போல் கழுவிக்கொண்டாள், குமட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்.

கை கழுவ வந்தவர்கள் கண்டு கூச்சலிட, குழு ஓடிவந்தது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். ஐயர், இது நம் கூட்டு ஜெபத்தின் பலன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பாஸ்டர் கால்வாயை உற்றுப்பார்த்து, “தண்ணி எந்தக் குழாயில இருந்து வருது? முதல் குழாயா? அதை எங்க சபைதான் மாட்டுனது,” என்றார்.

“எல்லா வாயில இருந்தும் வருது, பாஸ்டர்,” என்றாள் மிக்கேலம்மாள். “நீங்க துப்புனதும் இதுல இருக்கு. வேணும்னா ஒரு கை அள்ளிக்கிடுங்க.”

மூவரும் ஒரே சமயத்தில் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறியிருந்தார்கள். கார் மைதானத்தைச் சுற்றிக் கிழக்கு வாசல் வழியாகத்தான் போகவேண்டும். மிக்கேலம்மாள் சொட்டச்சொட்ட நடந்து அதன் அருகே போனாள், தொர்க்காள் முன்சீட்டிலிருந்து, “கண்ணாடியை ஏத்து! ஏத்து!” என்று கத்தினாள். யாபேஸ் பொத்தானைத் தேடினான். பெர்சியாள் தாயைப் பார்த்தாள். தாடையிலிருந்து வழியும் நீரைப் பார்த்தாள், அதில் இருந்த மஞ்சளையும் பருக்கையையும் பார்த்தாள். அவளுடைய மூக்கு சுருங்கியது. அது உண்மை, அதை மறைக்கவேண்டியதில்லை. பிறகு பாதி ஏறியிருந்த கண்ணாடிக்கு மேலாகத் தலையை வெளியே நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெற்றியைக் கொடுத்தாள்.

எச்சில் ஈரமான கட்டைவிரல் மேலிருந்து கீழே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டது.

“சீ!” என்று தொர்க்காள் முந்தானையை நீட்டினாள்.

“துடைக்காதிய, அத்தை,” என்றாள் பெர்சியாள். “தானா காயட்டும்.”

அந்த ஆண்டு சாலேம்புரத்தில் நடந்தவற்றில் அந்த ஒன்றை மட்டும் மூன்று கோவில்களின் பதிவேடுகளிலும் எழுதவில்லை.

மிக்கேலம்மாளை அதன்பின் எல்லாத் தண்ணீரும் தொட்டது. அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள், அரிசி களைந்தாள், சூசையம்மாளுக்குத் தன் தம்ளரிலேயே தண்ணீர் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கோவிலுக்கும் போகாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். ஒன்றிப்புக் குழு அடுத்த மாதம் கடைசியாக ஒருமுறை கூடியது. எச்சில் கலந்ததால்தான் இப்படி ஓர் அசம்பாவிதம் நேர்ந்தது, இனி அசனம் நடந்தால் மாதா கோவிலுக்கு ஒரு கால்வாய், வேதக்கோவிலுக்கு ஒன்று, கூடாரத்துக்கு ஒன்று, கீழத்தெருவுக்குத் தனியே ஒன்று என்று நான்காக வெட்டி சிமெண்ட் பூசவேண்டும் என ஏகமனதாகத் தீர்மானித்து, பூசியும் முடித்து, பிரிந்துபோனது. பலகை வழக்கு தொடர்ந்தது.

ஆனால் சாலேம்புரத்து நிலம் கிழக்கே சரிந்தது. அடுத்த பண்டிகை அசனத்தின்போது நான்கு கால்வாய்களும் தனித்தனியே, கண்ணியமாக, மைதானத்தைத் தாண்டி ஓடி, சிமெண்ட் முடிந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து, சூசையம்மாள் வீட்டு வாசலில் குட்டையாகத் தேங்கின. அவள் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள், பிறகு மைதானத்து மேடைமேல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த மூன்று குருக்களையும் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“ஐயாமாரே, ஒங்க ஒத்துமை எல்லாம் எங்க வாசல்லதான் வந்து தேங்குது! மோப்பமில்லாத எனக்கே நாத்தம் தாங்கல. ஒரு மம்பட்டியை எடுத்துக்கிட்டு எறங்கி வாங்க!”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மிக்கேலம்மாள் மட்டும் சத்துணவுக்கூடத்துக் கதவை இழுத்துச் சாத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த மம்பட்டியோடு கிழக்கே இறங்கிப் போனாள்.